நரம்பே இல்லாத பிராணிக்கு அமிலம் எப்படித் தெரிகிறது?

டிரைக்கோபிளாக்ஸ் என்று ஒரு கடல் பிராணி இருக்கிறது. அகலம் சில மில்லிமீட்டர், தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவு. வாய் கிடையாது, வயிறு கிடையாது, தசை கிடையாது, நரம்பு செல் ஒன்றுகூடக் கிடையாது. 1883இல் ஃபிரான்ஸ் ஐல்ஹார்ட் ஷூல்ட்சே என்ற விலங்கியலாளர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டியில் இதைப் பார்த்து விவரித்தார். கண்ணாடியில் ஒட்டிய அழுக்குத் தீற்றல் மாதிரி இருக்கும், உற்றுப் பார்த்தால்தான் நகர்வது தெரியும். 2014இல் நுண்ணோக்கியில் பொறுமையாக எண்ணிப் பார்த்து, இதன் உடம்பில் மொத்தமே ஆறு வகை செல்கள்தான் என்று சொன்னார்கள்.

இப்படிப்பட்ட பிராணியின் மரபணுக்களில் ஒரு சோடியம் கால்வாய் இருக்கிறது. வெளியே அமிலம் கூடினால் திறந்துகொள்ளும் கால்வாய். நம் உடம்பில் அதே வேலையைச் செய்யும் கால்வாய்கள் பெரும்பாலும் நரம்பு செல்களில்தான் இருக்கின்றன. காயம் பட்ட இடம், வீங்கிய இடம், ரத்த ஓட்டம் தடைப்பட்ட தசை, இங்கெல்லாம் அமிலம் சேரும்போது வலியை மூளைக்குச் சொல்லும் ஆட்களில் அவையும் அடக்கம். நரம்பே இல்லாதவனுக்கு நரம்பின் கருவி எதற்கு? முதல்முறை இதைப் படித்தபோது எனக்கு வந்த குழப்பம் இதுதான். கேள்வியே தலைகீழாக இருக்கிறது என்று புரிய கொஞ்ச நாள் ஆனது. இந்தக் கருவி நரம்புக்காக வந்ததே இல்லை. சரி, அடிப்படையிலிருந்து வருவோம்.

முதலில் அமிலம். ஒரு திரவத்தில் எத்தனை புரோட்டான், அதாவது ஹைட்ரஜன் அயனி, அலைந்துகொண்டிருக்கிறது என்பதுதான் அமிலத்தன்மை. பிஎச் என்ற எண் இதைத் தலைகீழாகச் சொல்லும்: எண் குறையக் குறைய அமிலம் கூடும், ஒரு எண் இறங்கினால் புரோட்டான்கள் பத்து மடங்கு. பள்ளியில் மனப்பாடம் செய்த விஷயம்தான், ஆனால் அதை எண்ணிக்கையாக மாற்றிப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். ஒரு மைக்ரோமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரம் கடல்நீரை எடுத்துக்கொள்ளுங்கள், சராசரி பாக்டீரியா ஒன்று அதில் அடங்கிவிடும் அளவு. கடல்நீரின் பிஎச் சுமார் 8.1. அந்தக் கனசதுரத்துக்குள் எந்த நேரத்திலும் சராசரியாக 5 புரோட்டான்கள் இருக்கும். வெறும் ஐந்து! அதே இடத்தில் சோடியம் அயனிகள் எத்தனை என்றால் ஏறக்குறைய 28 கோடி. பிஎச் 6க்கு இறங்கினால் அந்த ஐந்து 600 ஆகும், 5க்கு இறங்கினால் 6,000 ஆகும். சோடியத்தின் பக்கத்தில் வைத்தால் அப்போதும் அது தூசிதான்.

அந்த 28 கோடி சோடியத்தைக் கண்டுகொள்ளாமல், அந்த 5 எப்போது 600 ஆகிறது என்பதை மட்டும் கவனிக்கிற ஒரு புரதம் இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். கவனித்துவிட்டு அது செய்யும் காரியம் இன்னும் வேடிக்கை: கண்டுகொள்ளாமல் விட்ட அதே சோடியத்தை உள்ளே விடுகிறது.

ஏன் சோடியம்? எல்லா விலங்கு செல்லும் தன் சவ்வில் உள்ள பம்புகளை வைத்துச் சோடியத்தை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுப்பது அந்தப் பம்பின் கணக்கு. இதற்காக ஒரு செல் செலவழிக்கும் ஆற்றல் கொஞ்சநஞ்சமல்ல. விளைவு, வெளியே சோடியம் நிறைய, உள்ளே குறைவு, போதாததற்கு செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட எதிர்மின் பக்கம் சாய்ந்திருக்கும். நேர்மின் சுமை கொண்ட சோடியத்துக்கு இரண்டு காரணங்களாலும் உள்ளே பாயத்தான் ஆசை. சவ்வு கொழுப்பால் ஆனது, அயனியை விடாது. அணையில் நீர் தேங்கி நிற்கிற மாதிரி இது. மதகைக் கொஞ்சம் தூக்கினாலும் போதும், தள்ளிவிட வேண்டிய வேலையே இல்லை.

அந்த மதகுதான் சோடியம் கால்வாய். கால்வாய் என்று பாடப்புத்தகங்கள் சொல்வதால் நீளமான வாய்க்காலைக் கற்பனை செய்ய வேண்டாம், சவ்வைக் குறுக்கே துளைத்துக்கொண்டு நிற்கும் ஒரு புரதம், நடுவில் ஒரு துளை, அந்தத் துளைக்கு மூடித் திறக்கும் கதவு, அவ்வளவே. திறந்தால் ஒரே கால்வாய் வழியாக நொடிக்குப் பல லட்சம் அயனிகள் பாயும். உள்ளே நேர்மின் சுமை ஏறும், சவ்வின் மின்னழுத்தம் மாறும், அந்த மாற்றத்தைப் பார்த்து மின்னழுத்தத்தால் இயங்கும் வேறு கால்வாய்கள் திறக்கும், கால்சியம் உள்ளே வரும், கால்சியம் வந்துவிட்டால் செல் எதையாவது செய்யும்: சுரக்கும், சுருங்கும், இழைகளின் துடிப்பை மாற்றும், வெடிக்கும். அமிலத்தால் திறக்கும் சோடியம் கால்வாய் என்பது, வேதியியல் செய்தி ஒன்றை மின்சாரச் செய்தியாக மொழிபெயர்க்கும் இடம் என்று வைத்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பதற்கு நரம்பு வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, சவ்வு இருந்தால் போதும்.

கொஞ்சம் வரலாறு. அமிலம் பட்டவுடன் நரம்பு செல்லுக்குள் சோடியம் பாய்வதை 1980இல் கீவ் நகரத்தில் ஒலெக் கிரிஷ்டலும் பிடோப்ளிச்கோவும் பதிவு செய்தார்கள். அது எந்தப் புரதத்தின் வேலை என்று அப்போது தெரியாது. 1997இல் பிரான்சில் லாஸ்துன்ஸ்கியின் குழு அந்த மரபணுவைப் பிடித்தது. அதன்பின் அமிலத்தை உணரும் இந்த அயனிக் கால்வாய்களுக்கு ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஏசிக்’ என்ற பெயர் நிலைத்தது. நானும் அதையே பயன்படுத்துகிறேன். 2007இல் எரிக் குவோவின் குழு கோழியின் ஏசிக் புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ் கதிரால் அதன் வடிவத்தைக் கண்டது. கீழே சொல்லப்போகும் விவரங்கள் பெரும்பாலும் அந்தக் கோழியிலிருந்து தொடங்கியவை. கடல் பிராணிகளின் கால்வாய்களும் பொது அமைப்பில் அதே அச்சுதான், உள்ளே நுணுக்கங்கள்தான் வேறு, அந்த நுணுக்கத்தில்தான் கதையே இருக்கிறது.

கால்வாய் எப்படித் திறக்கிறது?

மூன்று புரதத் துண்டுகள் வட்டமாக நின்று ஒரு கால்வாயை உண்டாக்குகின்றன. ஒவ்வொரு துண்டும் சவ்வை இரண்டு முறை கடக்கிறது. ஆனால் அதன் பெரும்பகுதி சவ்வுக்குள் இல்லை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வெளிப்பகுதியின் வடிவத்தைப் பார்த்தவர்களுக்கு, ஒரு பந்தை இறுக்கிப் பிடித்திருக்கும் கை ஞாபகம் வந்ததால், அதன் பாகங்களுக்கு விரல், கட்டைவிரல், உள்ளங்கை, மணிக்கட்டு, பந்து என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இது என் உவமை இல்லை, ஆராய்ச்சிக் கட்டுரைகளிலேயே அப்படித்தான் எழுதுகிறார்கள்.

விரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் ஒரு பொந்து. அதன் சுவர்களில் எதிர்மின் சுமை கொண்ட அமினோ அமிலங்கள் நெருக்கமாக இருக்கின்றன. ஒரே சுமைகள் ஒன்றையொன்று தள்ளும், அதனால் பொந்து விரிந்தே இருக்கும், கால்வாய் மூடியிருக்கும். வெளியே அமிலம் கூடுகிறது, புரோட்டான்கள் வந்து அந்த எதிர்மின் இடங்களில் உட்காருகின்றன, சுமை சமனாகிறது, தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. கட்டைவிரல் விரலை நோக்கி மடங்குகிறது. கை இறுகுகிறது. அந்த அசைவு உள்ளங்கை வழியாக மணிக்கட்டுக்கு இறங்கி, அங்கிருந்து சவ்வுக்குள் நிற்கும் தண்டுகளைத் திருகி, நடுத் துளையைக் கண்ணின் பாவை விரிகிற மாதிரி விரிக்கிறது. இந்தப் பொந்து மட்டுமே முழுக் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது, புரோட்டானைப் பிடிக்கும் இடங்கள் உள்ளங்கையிலும் மற்ற பக்கங்களிலும் சிதறிக் கிடக்கின்றன, ஒன்றை மாற்றினால் உணர்திறன் குறையும், ஆனால் முழுதாகப் போகாது.

இந்த இடத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை அறிமுகப்படுத்த வேண்டும், பின்னால் தேவைப்படும். புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றில் ஹிஸ்டிடின் மட்டும் பிஎச் சுமார் 6இல் ஊசலாடும் குணம் கொண்டது. அதற்கு மேலே போனால் புரோட்டானை விட்டுவிடும், கீழே வந்தால் பிடித்துக்கொள்ளும், பிடித்தவுடன் நேர்மின் சுமை ஏறிவிடும். உயிர்கள் சாதாரணமாகச் சந்திக்கும் அமில ஏற்ற இறக்கமும் அந்த எல்லையைச் சுற்றித்தான் இருக்கிறது. அமிலத்தால் இயங்கும் ஒரு பொத்தானை வடிவமைக்கச் சொன்னால், கையில் இருக்கும் 20 துண்டுகளில் எவரும் முதலில் எடுப்பது இதைத்தான். பரிணாமமும் பல இடங்களில் இதைத்தான் எடுத்திருக்கிறது.

துளையின் மிகக் குறுகலான இடத்தில் கிளைசின், அலனின், செரின் என மூன்று அமினோ அமிலங்கள் வரிசையாக இருக்கின்றன. சோடியத்துக்கு எளிதாகவும் பொட்டாசியத்துக்குக் கடினமாகவும் அந்த வழி அமைந்திருப்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு என்று கருதுகிறார்கள். இதே குடும்பத்துக் கால்வாய்களில் பல, அமிலோரைடு என்ற சிறுநீர் பெருக்கி மருந்துக்கு அடைபடும். ஆய்வகத்தில் ஒரு புதிய கால்வாய் இந்தக் குடும்பமா என்று சந்தேகம் வந்தால் முதலில் ஊற்றிப் பார்ப்பது அதுதான்.

திறந்த கால்வாய் அப்படியே திறந்திருக்காது. அமிலம் இன்னும் அங்கேயே இருந்தாலும், நம் ஏசிக்குகளில் பல ஒன்றிரண்டு நொடியில் தானாக மூடிக்கொள்ளும். உள்ளங்கைக்குள் இருக்கும் ஒரு சின்ன வளையம் புரண்டு விழுகிறது, மேலே கை இறுகியே இருந்தாலும் அந்த இறுக்கம் கீழே துளைக்குப் போய்ச் சேராது. வண்டியில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, கிளட்சை மிதித்தால் சக்கரத்துக்கு விசை போகாதல்லவா, அதுதான். 2018இல் இந்த நிலைகளின் வடிவத்தை ஒப்பிட்டவர்களும் அந்த வளையத்தை மூலக்கூறு கிளட்ச் என்றே அழைத்தார்கள். மறுபடி திறக்க வேண்டுமென்றால் அமிலம் விலகி, புரோட்டான்கள் இறங்கி, வளையம் பழைய இடத்துக்கு வர வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விளைவு உண்டு. அமிலம் சட்டென்று கூடினால் கால்வாய் திறக்கும். மிக மெதுவாகக் கூடினால், திறக்காமலேயே கிளட்ச் விழுந்துவிடும். திறக்கத் தேவைப்படும் அளவைவிடக் குறைந்த அமிலமே அதற்குப் போதும். ஆக இது அமிலத்தின் அளவைக் காட்டும் மானி இல்லை. “இப்போதுதான் அமிலமானது” என்று கத்தும் ஒரு மணி.

கால்சியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கால்சியம் அயனிகள் இந்தக் கால்வாய்களின் வாசலிலும் புரோட்டான் உட்கார வேண்டிய இடங்களிலும் போட்டிக்கு வரும். கால்சியம் கூடினால், திறக்க இன்னும் அதிக அமிலம் தேவைப்படும். நம் ரத்தத்தில் தனித்து அலையும் கால்சியம் லிட்டருக்கு ஒரு மில்லிமோலுக்குச் சற்று மேலே. கடல்நீரில் அது 10ஐ ஒட்டி இருக்கும். கடல் பிராணியின் கால்வாயைச் சோதிக்கும்போது பாலூட்டிக்கான உப்புக் கரைசலை ஊற்றிவிட்டு எண்களைக் குறித்துக்கொண்டால் ஏமாறும் வாய்ப்பு அதிகம்.

கடலில் அமிலம் எங்கே?

நியாயமான கேள்வி. பிஎச் 8.1இல் வாழும் பிராணிக்கு 6 எப்போது வரும், 5 எப்போது வரும்? முதலில் ஒரு தவறான பதிலை ஒதுக்கிவிடலாம். கடல் அமிலமாகிக்கொண்டே வருகிறது என்ற செய்தி தெரிந்தவர்கள் உடனே அதையும் இதையும் முடிச்சுப் போடுவார்கள். தொழிற்புரட்சிக்குப் பிறகு கடல் மேற்பரப்பின் பிஎச் சுமார் 0.1 இறங்கியிருக்கிறது. சுண்ணாம்பு ஓடு கட்டும் உயிர்களுக்கு அது பெரிய தொல்லை. ஆனால் நம் கனசதுரத்தில் அது நாலு புரோட்டானை ஐந்தாக்கிய கதை, அதுவும் 200 ஆண்டுகளில். சட்டென்று கூடும் அமிலத்துக்கு மட்டும் மணியடிக்கும் கால்வாய்க்கு இது காதிலேயே விழாது.

கால்வாய்க்குக் கேட்கும் அமிலம் மிக நெருக்கத்தில் பிறக்கிறது. ஒவ்வொரு செல்லும் சுவாசித்துக் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது, அது நீரில் கரைந்து அமிலமாகும். நீரோட்டம் இல்லாத இடுக்கில் அது தங்கும். செல் கிழிந்தால் உள்ளே இருந்து வடிவதும் கடல்நீரைவிட அமிலம்தான். அப்புறம் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது: செல்கள் சுரக்கும் பொருள்களை அடைத்து வைத்திருக்கும் நுண்பைகளுக்குள் பிஎச் 5.5 அளவில் இருக்கும். அந்தப் பை சவ்வோடு சேர்ந்து உடையும்போது, உள்ளே இருந்த பொருளோடு புரோட்டான்களும் வெளியே கொட்டும். பரந்த கடலில் அது ஒரு கணத்தில் கரைந்துபோகும், இரண்டு செல்களுக்கு இடையிலுள்ள இடுக்கில் அப்படியில்லை. நம் மூளையின் சில இணைப்புகளில் இப்படிக் கொட்டும் புரோட்டானையே ஒரு செய்தியாக ஏசிக் வாசிக்கிறது என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

டிரைக்கோபிளாக்ஸ் சாப்பிடும் விதத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அடிப்புறத்தில் உள்ள நுண்ணிழைகளைத் துடிக்கவிட்டு ஊர்ந்துபோகும், பாசி மேலே வந்தால் நிற்கும், அடிவயிறு என்று சொல்லத் தோன்றும் அந்தக் கீழ்ப்பரப்பைத் தரையோடு ஒட்டி, அங்குள்ள செல்களிலிருந்து சுரப்புகளைக் கொட்டிப் பாசி செல்களை உடைத்து, வெளியிலேயே செரித்து உறிஞ்சிக்கொள்ளும். உடம்புக்கும் தரைக்கும் நடுவில் இருப்பது மெல்லிய ஒரு படலம் நீர். சுரப்பு, செரிமானம், உடைந்த செல்களின் சாறு எல்லாம் சேர்ந்து அந்த இடுக்கில் அமிலம் கூடக் கூடிய சூழல் இது. வாசல் எங்கே என்று தெரியாத வீட்டில் இப்படி ஒரு மணி இருப்பது அவ்வளவு விசித்திரமில்லை.

ஒரே பிராணி, எதிரெதிர்க் கதவுகள்

டிரைக்கோபிளாக்ஸின் மரபணுத் தொகுப்பு 2008இல் வெளியானது. சுமார் 9.8 கோடி எழுத்துகள், 11,500 மரபணுக்கள். இந்தச் சோடியம் கால்வாய்க் குடும்பத்தைச் சேர்ந்தவை அதில் பல. அவற்றில் இரண்டை மட்டும் பார்ப்போம்.

முதலாவது டாட்நாக்6. 2019இல் அட்ரியானோ செனட்டோரேயின் குழு இதை விவரித்தது. இது எப்போதும் லேசாகக் கசிந்துகொண்டே இருக்கும் கதவு. அமிலம் கூடினால் மூடிக்கொள்ளும், கால்சியத்துக்கும் அடைபடும். அமிலத்தை இதுவும் உணர்கிறதுதான், ஆனால் பதில் நேர் எதிர்.

இரண்டாவது டாட்நாக்2. அமிலம் பட்டால் திறக்கிறது, சோடியத்தை உள்ளே விடுகிறது, பிறகு தானாக மூடுகிறது. வரைபடத்தைப் பார்த்தால் நம் ஏசிக்கின் சொந்தக்காரன் என்றே சொல்லத் தோன்றும். இந்தச் சோதனையை டிரைக்கோபிளாக்ஸின் செல்லிலேயே செய்யவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் துறையின் வழக்கம் இதுதான்: மரபணுவை மட்டும் எடுத்து, ஆய்வகத்தில் வளரும் பாலூட்டி செல்லுக்குள்ளோ ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டைக்குள்ளோ செலுத்தி, அந்தச் செல் தன் சவ்வில் அந்நியக் கால்வாயைக் கட்டி முடிக்கும்வரை காத்திருந்து, நுண்ணிய மின்முனையைக் குத்தி, வெளிக்கரைசலின் பிஎச்சைச் சட்டென்று மாற்றி, எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்று அளப்பார்கள். கால்வாயால் என்ன முடியும் என்பதை இது சொல்லும். பிராணி அதை வைத்து என்ன செய்கிறது என்பது தனிக் கேள்வி.

இப்போது ஹிஸ்டிடினுக்கு வருவோம். நம் ஏசிக்கில் அமிலத்துக்குத் திறப்பதற்கு மிக முக்கியமான சில அமினோ அமிலங்கள் உண்டு. டாட்நாக்2இல் அதே இடங்களில் அதே அமினோ அமிலங்கள் இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். 2023இல் அதே குழு வெளியிட்ட ஆய்வில், டாட்நாக்2 அமிலத்துக்குத் திறப்பது வேறு இடங்களைக் கொண்டு என்று தெரிந்தது. அதற்கே உரிய இரண்டு ஹிஸ்டிடின்கள், அவற்றை மாற்றினால் அமிலத்துக்குத் திறப்பது கெடுகிறது. கூடவே, விலங்குலகம் முழுக்க உள்ள இந்தக் குடும்பத்து வரிசைகளை ஒப்பிட்டுக் குடும்ப மரம் வரைந்தால், டாட்நாக்2 ஒரு கிளையில் நிற்கிறது, நம் ஏசிக் வேறொரு கிளையில் நிற்கிறது.

அதாவது இது பாட்டன் சொத்து இல்லை. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேர், வெவ்வேறு ஊரில், ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே தொழிலைக் கற்றுக்கொண்ட கதை. கதவின் சட்டமும் துளையும் பரம்பரையாக வந்தவை. புரோட்டான் என்ற சாவிக்கான பூட்டை மட்டும் அவரவர் தனியாகச் செய்துகொண்டார்கள். வௌவாலின் இறக்கையும் பறவையின் இறக்கையும் இதற்கு வழக்கமான உதாரணம், எனக்கு அதைவிட இது பிடித்திருக்கிறது, ஏனென்றால் இங்கே எந்த அணு எங்கே மாறியது என்றுகூடக் கைவைத்துக் காட்ட முடிகிறது.

கடல் சாமந்தியின் தோட்டா

அடுத்து நெமட்டோஸ்டெல்லா. இது ஒரு சிறு கடல் சாமந்தி, கடலோர உப்புச் சதுப்புகளின் சேற்றில் உடம்பைப் புதைத்துக்கொண்டு, உணர்கைகளை மட்டும் வெளியே நீட்டி இரைக்குக் காத்திருக்கும். ஆய்வகத்தில் வளர்ப்பது எளிது, அதனால் பவளம், சொறிமீன், கடல் சாமந்தி எல்லாம் அடங்கிய கூட்டத்துக்கு இதுவே மாதிரி விலங்கு.

இந்தக் கூட்டத்தின் அடையாளம் கொட்டும் செல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கூட்டுக்குள் சுருட்டி வைத்த நூல், அதன் முனையில் பல சமயம் முள். தூண்டப்பட்டால் கூடு வெடித்து நூல் வெளியே பாயும். நன்னீரில் வாழும் ஹைட்ராவில் அதிவேகப் படக்கருவியால் படமெடுத்தபோது, இந்த வெடிப்பின் வேகமான கட்டம் 700 நானோநொடிகளில் முடிவதும், அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 50 லட்சம் மடங்கைத் தாண்டுவதும் தெரிந்தது. உயிருலகில் இவ்வளவு வேகமான அசைவுகள் அபூர்வம்.

ஒரு கூட்டை ஒரே முறைதான் சுட முடியும். பிறகு புது செல் வளர்க்க வேண்டும், செலவு அதிகம். அலை வந்து தட்டியதற்கெல்லாம் சுட்டால் கட்டுப்படியாகாது. அதனால் தொடுகை மட்டும் இருந்தால் போதாது, இரையின் வேதிச் செய்தியும் சேர வேண்டும் என்று பல பூட்டுகள் வைத்திருக்கிறது. 2020இல் வந்த ஓர் ஆய்வு, நெமட்டோஸ்டெல்லாவின் கொட்டும் செல்களில் உள்ள கால்சியம் கால்வாய் சாதாரண ஓய்வு நிலையில் முடங்கியே கிடக்கும் என்றும், அதனால் வீணாகச் சுடுவது தவிர்க்கப்படுகிறது என்றும் காட்டியது.

2023இல் வெளியான இன்னோர் ஆய்வில், நெமட்டோஸ்டெல்லாவின் சோடியம் கால்வாய்க் குடும்பத்தை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். இத்தனை வகை இருக்குமென்று யாரும் நினைக்கவில்லை. அவற்றில் அமிலத்தை உணரும் ஒரு கால்வாய்க்குக் கொட்டும் செல்லின் வெடிப்பில் பங்கிருக்கிறது என்பதை, மருந்தால் அடைத்துப் பார்த்தும், மரபணுவை நீக்கிய விலங்குகளை வளர்த்துப் பார்த்தும் நிறுவினார்கள். டிரைக்கோபிளாக்ஸ் விஷயத்தில் இல்லாத ஒன்று இங்கே இருப்பதைக் கவனியுங்கள்: கால்வாயால் என்ன முடியும் என்பதோடு, உயிருள்ள பிராணி அதை எங்கே வைத்திருக்கிறது, எதற்குப் பயன்படுத்துகிறது என்பதும் சேர்ந்தே கிடைத்தது. தனிக் கேள்வி என்று மேலே சொன்னேனே, அதற்கான பதில் இப்படித்தான் வரும்.

இங்கே ஒரு வேடிக்கை. வேறொரு கடல் சாமந்தியின் நஞ்சில் ஒரு சிறு புரதம் இருக்கிறது, அது பாலூட்டிகளின் ஏசிக்3 கால்வாயை அடைக்கும். வலி ஆராய்ச்சி செய்பவர்கள் அதை ஆவலோடு பயன்படுத்துகிறார்கள். தன் ஆயுதத்தை வெடிக்க வைப்பதில் ஒரு கால்வாய், அந்த ஆயுதத்துக்குள் அதே குடும்பத்து இன்னொரு கால்வாயை அடைக்கும் பொருள்! இரண்டும் ஒரே சாமந்தியில் இல்லை, தொடர்பும் தற்செயலாக இருக்கலாம், ஆனாலும் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

இதே குடும்பத்தில் அமிலத்தைக் கண்டுகொள்ளாதவர்களும் நிறைய. ஹைட்ராவில் சில கால்வாய்கள் சிறு புரதத் துணுக்குகளுக்குத் திறக்கும். நத்தையில் ஒன்று 1995இலேயே கிடைத்தது, அதுவும் அப்படியே. சி. எலிகன்ஸ் என்ற நூற்புழுவில் மென்மையான தொடுகையை உணர்வது இந்தக் குடும்பத்துக் கால்வாய். நம் சிறுநீரகத்தில் இருப்பது எதற்கும் காத்திராமல் திறந்தே கிடந்து உப்பை மீட்கிறது. ஒரே சட்டம், ஒரே துளை, சாவிகள் மட்டும் ஆளுக்கொன்று.

அப்படியானால் நம் ஏசிக் எப்போது வந்தது? முதுகெலும்பிகளோடு வந்தது என்று ரொம்ப காலம் நம்பினார்கள். 2018இல் டிமதி லைனாவின் குழு அதை 60 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் தள்ளியது. 2023இல் அதே குழு இன்னும் பின்னே போய், இடம் வலம் என்று இரண்டு பக்கமும் ஒத்திருக்கும் விலங்குகள் உருவான தொடக்கத்திலேயே ஏசிக் இருந்திருக்க வேண்டும் என்று காட்டியது. சிறு கடல் புழுக்கள், சிப்பி மாதிரி ஓடு கொண்ட பிராக்கியோபாடுகள் என்று கடலடி வாசிகளை வரிசையாகச் சோதித்து, மரபணு உடம்பில் எங்கே இயங்குகிறது என்று பார்த்தபோது, ஆரம்பத்தில் அது மூளையில் இல்லை, உடம்பின் வெளி விளிம்புகளில்தான் இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. மூளை வந்தபிறகுதான் சில கிளைகளில் அதை உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு பழைய பொருள் இத்தனை நாள் கண்ணில் படாததற்கும் அதே ஆய்வில் காரணம் கிடைக்கிறது. பழ ஈயும் சி. எலிகன்ஸும் சேர்ந்த கூட்டம், மற்றவர்களிடமிருந்து பிரிந்தபின், தன் உடலின் வெளிப்பக்கத்துச் செல்களில் சிலவற்றை இழந்தது, அவற்றோடு ஏசிக்கும் போய்விட்டது. ஆய்வகங்களில் உலகம் முழுக்க வளர்க்கப்படும் இரண்டு முதுகெலும்பில்லாத செல்லப்பிள்ளைகளும் அதைத் தொலைத்தவையாக இருந்தால், முதுகெலும்பு இல்லாதவற்றுக்கு இது கிடையாது என்ற முடிவுக்குத்தான் யாரும் வருவார்கள். டாட்நாக்2 ஆய்வின் குடும்ப மரமோ இன்னும் கீழே இறங்குகிறது: இந்தக் கால்வாய்க் குடும்பத்தின் உறுப்பினர்கள், விலங்கே ஆகாத சில ஒற்றைச் செல் உயிர்களிலும் இருக்கிறார்கள். நரம்புக்கு முன்னால், தசைக்கு முன்னால், இரண்டாவது செல் என்ற ஒன்றுக்கே முன்னால்.